வளவின் நாட்குறிப்பு: வீட்டையும் மாற்றத்தையும் படங்களால் எழுதி வைப்பது எப்படி

இலங்கையின் வடக்கே உள்ள வன்னியில் ஒரு வீட்டுக்குச் சென்று பழைய படங்கள் இருக்கின்றனவா என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு பொலித்தீன் பைதான் வெளியே வரும். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், கிளினிக் அட்டைகள் ஆகியவற்றுக்கிடையே ஓரம் மடிந்த இரண்டு மூன்று படங்கள் அதில் இருக்கும். அவற்றில் ஒன்று அடையாள அட்டைக்காக எடுக்கப்பட்டதாகவும், மற்றொன்று யாரோ ஒருவருடைய கலியாண வீட்டில் எடுத்த கூட்டுப்படமாகவும் இருக்கும். 1996 இல் போரினால் கிளிநொச்சியை விட்டு வெளியேறியபோது கைவிடப்பட்ட அல்பங்கள் உண்டு. 2008 இல் தொடங்கி 2009 மே வரை, ஒவ்வொரு தறப்பாள் கொட்டிலிலும் சுமையைக் குறைத்துக் குறைத்து போர் முடிந்த இடமான முள்ளிவாய்க்கால் வரை போனவர்கள், வழியில் மண்ணுக்குள் புதைத்துவிட்டுப் பிறகு இடம் தெரியாமல் தேடிய அல்பங்களும் உண்டு.

ஆகவே, புகைப்பட நாட்குறிப்பு ஒன்றைத் தொடங்க விரும்பும் ஒருவரிடம், வீட்டில் உள்ள பழைய படங்களை முதலில் ஒழுங்குபடுத்துங்கள் என்று நான் சொல்வதில்லை. வளவிலிருந்து, அதாவது வீடு நிற்கும் காணியிலிருந்து, தொடங்குங்கள் என்றே சொல்கிறேன். எங்கள் வளவில், என் நினைவுக்குள் மட்டும், மண்வீடு ஒன்று இருந்தது; மீள்குடியேறிய 2010 இல் தறப்பாள் கொட்டில் ஒன்று நின்றது; அதன்பின் தகரக் கொட்டில்; பிறகு இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த 550,000 ரூபாவோடு கையிலிருந்ததையும் கடன்பட்டதையும் சேர்த்துக் கட்டிய கல்வீடு. நான்கு வீடுகளுக்கும் கிணறு ஒன்று, மாமரம் ஒன்று, வேலி வாசலான படலை இருந்த இடமும் ஒன்றே. வீடு என்று நாங்கள் சொல்வது சுவரைவிட வளவையே அதிகம் குறிக்கிறது என்பதை, படம் எடுக்கத் தொடங்கிய பிறகுதான் நான் உணர்ந்தேன்.

நாட்குறிப்புப் படம் என்பது அழகான படம் அல்ல. மயில் தோகை விரித்ததையும் இரணைமடுக் குளத்தில் பொழுது படுவதையும் எடுத்து வைப்பதில் தவறில்லை. ஆனால் அவை யார் எடுத்தாலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். உங்கள் குசினி வாசலில் சாய்த்து வைத்த அகப்பைக்கூட்டை உங்களைத் தவிர வேறு யாரும் எடுக்கப் போவதில்லை. சொந்த வாழ்வை, திகதியோடு, இடைவிடாமல் எடுத்து வருவதே இந்த முறையின் அடிப்படை. ஒரு தனிப்படம் எதையும் சொல்லாமல் இருக்கலாம்; ஐம்பது படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்போதுதான் அது பேசத் தொடங்கும்.

எவ்வளவு காலத்துக்கு ஒரு படம் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அமெரிக்கரான ஜேமி லிவிங்ஸ்டன் 1979 மார்ச் 31 தொடங்கி, 1997 ஒக்டோபர் 25 இல் தாம் இறக்கும் நாள் வரை, நாளுக்கு ஒரு பொலரொயிட் படம் எடுத்தார். நிக்கலஸ் நிக்சன் என்பவரோ 1975 தொடங்கித் தம் மனைவியையும் அவருடைய சகோதரிகள் மூவரையும் ஆண்டுக்கு ஒரு படம் வீதம், நால்வரும் ஒரே வரிசையில் நிற்க, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எடுத்து வந்தார். இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே கிழமைக்கு ஒன்று என்ற கணக்கே நம் வாழ்க்கைக்குப் பொருந்தும் என்பது என் அனுபவம். நாளுக்கு ஒன்று என்று தொடங்கியவர்கள் விதைப்புக் காலம் வந்ததும் விட்டுவிடுகிறார்கள். ஒருமுறை விட்டபின் குற்ற உணர்வினால் மீண்டும் தொடுவதில்லை. நான் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தேன். வீடு கூட்டி விளக்கேற்றும் நாள் என்பதால் அது மறக்காது.

நிற்கும் இடம்

வளவில் மூன்று இடங்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். படலை, கிணற்றடி, குசினி வாசல் என்பன என்னுடையவை; உங்களுக்கு மாட்டுப்பட்டியாகவோ, வாய்க்கால் கரையாகவோ, வலை காயப்போடும் கொடியாகவோ இருக்கலாம். மூன்றுக்கு மேல் வேண்டாம். ஒவ்வோர் இடத்திலும் நீங்கள் நின்று எடுக்கும் புள்ளியில் ஒரு கல்லைப் பாதி புதைத்து வையுங்கள். குச்சி நட்டால் ஆடு இழுத்துவிடும், கோழி கிளறிவிடும். கல்லில் இரு பாதங்களையும் ஒட்டி நின்று, கைத்தொலைபேசியை நெஞ்சு உயரத்தில் பிடித்து, ஒவ்வொரு முறையும் அதே திசையை நோக்கி எடுக்க வேண்டும். கமராவின் அமைப்புகளில் கட்டக் கோடுகளைத் திரையில் காட்டும் வசதி இருக்கும். அதை இயக்கிவிட்டு, கிணற்றுக் கட்டின் விளிம்பையோ வேலியின் ஒரு கதியாலையோ அந்தக் கோடு ஒன்றின்மீது பொருத்திக்கொண்டால், அடுத்த கிழமையும் அதே சட்டகம் கிடைக்கும். திரையை விரல்களால் விரித்துப் பெருப்பிக்காதீர்கள். பெரும்பாலான தொலைபேசிகளில் அது படத்தை வெட்டிப் பெரிதாக்குவதே தவிர வேறில்லை. கிட்ட வேண்டுமென்றால் கிட்டப் போக வேண்டும், ஆனால் கல்லில் நிற்கும்போது போகக் கூடாது. முகத்தை வெளிறச் செய்யும் அழகுபடுத்தும் வடிகட்டிகளையும் நிறுத்திவிடுங்கள். நம் வெயிலின் நிறத்தை அவை நோயாக நினைத்துத் திருத்துகின்றன.

ஒரே இடத்தில் நிற்பதன் பயன் என்ன என்பதை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். திரும்பி வந்த ஆண்டில் மாமரத்துக்குப் பக்கத்தில், போர்க்காலத்தில் பதுங்குவதற்காக வெட்டியிருந்த பங்கரை மூடி, மேலே வாழைக் குட்டிகளை வைத்தோம். மண் இளகியிருந்ததால் வாழை செழித்து வந்தது. அங்கே என்ன இருந்தது என்பதைப் பிள்ளைகள் அறியாமலே வளர்ந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து, கிணற்றடிக் கல்லில் நின்று மூன்று மாரிகளில் எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான், வாழைகளுக்கு நடுவே நீர் எந்த வடிவில் தேங்குகிறது என்பது தெரிந்தது. தெளிவான ‘ட’ எழுத்து. நாங்கள் பங்கரை வெட்டிய அதே வடிவில், மூடிய மண் ஆண்டுக்கு ஆண்டு சற்றுச் சற்றாக இறங்கிக்கொண்டிருந்தது. நாள்தோறும் அதன்மேல் நடந்த எங்கள் கால்கள் அதை அறியவில்லை. இப்படியொரு மாற்றத்தை, இடத்தையும் கோணத்தையும் மாற்றி மாற்றி எடுத்த படங்கள் ஒருபோதும் காட்டியிருக்கமாட்டா.

ஒளியும் காற்றும் மாரியும்

வன்னி நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருப்பதால், ஆண்டு முழுவதும் சூரியன் காலை 6 மணியை ஒட்டியே எழுகிறது. மிக முந்திய நாளுக்கும் மிகப் பிந்திய நாளுக்கும் இடையிலான வேறுபாடு முக்கால் மணித்தியாலத்துக்கும் குறைவு. எனவே காலை 7 மணி என்று நேரத்தை நிலைநிறுத்திவிட்டால் கிட்டத்தட்ட ஒரே உயரத்து ஒளி கிடைக்கும். ஆனால் எழும் திசை மாறும். மார்கழியில் தென்கிழக்கிலும் ஆனியில் வடகிழக்கிலும் எழும் சூரியன், வேலியின் நிழலை முற்றத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்துவதை, ஓராண்டுப் படங்களை வேகமாகத் தள்ளிப் பார்க்கும்போது காணலாம். இதை நான் சொல்லிக் கொடுத்த ஒரு மாணவி, தன் வீட்டு முற்றமே ஒரு மணிக்கூடு என்று கொப்பியில் எழுதியிருந்தாள்.

சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய சில நாட்களிலும், மீண்டும் ஓகஸ்ட் இறுதியிலும், நண்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். அந்த நேரத்தில் எடுத்த படங்களில் மனிதர் முகங்களில் கண்குழி கறுத்துவிடும், முற்றத்தில் நிழலே இராது. சாதாரணமாக அது எடுக்கத் தகாத வேளை. ஒன்றுக்கு மட்டும் அது உகந்தது: 12 மணி கடந்த சில நிமிடங்களுக்கு வெயில் கிணற்றின் அடிவரை இறங்கி நீரைத் தொடும். எங்கள் கிணற்றின் உள்வளையத்தில், சீமெந்து காயுமுன் யாரோ விரலால் எழுதிய ‘1974’ என்ற ஆண்டை நான் முதன்முறையாக வாசித்தது அப்படியொரு நண்பகலில்தான். எட்டிப் பார்ப்பவர் தொலைபேசிக்கு ஒரு கயிற்றைக் கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்வது நல்லது. என் மச்சானின் தொலைபேசி இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கோடையில் சோளகக் காற்று கிளப்பும் செம்மண் தூசி வில்லையில் படிந்து படத்தை மங்கச் செய்யும். சட்டையால் தேய்க்க வேண்டாம், மணல் கீறிவிடும். முதலில் ஊதிவிட்டு, பிறகு சுத்தமான பருத்தித் துணியால் மெதுவாகத் துடைக்க வேண்டும். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் உப்பீரத்தையும் எண்ணிக்கொள்ள வேண்டும். தனிக் கமரா வைத்திருப்போருக்கு ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மாரியில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிப்பதே பெரிய கேடு. இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றும், மருந்துப் போத்தல்களில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலங்கள் சிலவும் போதும். மழை நாட்களில் படம் எடுப்பதை நிறுத்தாதீர்கள். 2018 டிசம்பர் வெள்ளத்தில் முற்றம் எதுவரை மூழ்கியது என்பது குறித்து எங்கள் வீட்டிலேயே மூன்று வேறு கதைகள் இருந்தன. அன்று படலையிலிருந்து எடுத்த ஒரு கலங்கிய படம் அந்த விவாதத்தை முடித்து வைத்தது.

எழுதும் வரி

படம் மட்டும் நாட்குறிப்பு ஆகாது. ஒரு நாற்பது பக்கக் கொப்பியில், ஒவ்வொரு படத்துக்கும் திகதி, நேரம், நின்ற கல், அப்போது யார் வீட்டில் இருந்தார் என்பவற்றை ஒரே வரியில் எழுதுங்கள். அதன் கீழே இன்னொரு வரி எழுத வேண்டும். அதுவே முக்கியமானது என்று நான் கருதுகிறேன். படத்தில் இல்லாதது என்ன? “அடுத்த வளவில் பாட்டுப் போகிறது.” “தம்பி வெளிநாட்டிலிருந்து எடுத்தான், அம்மா கதைக்கவில்லை.” “இந்த இடத்தில் முன்பு செவ்விளநீர் நின்றது.” இப்படிச் சிறிதாகவே இருக்கட்டும். உணர்ச்சியை விளக்கி எழுதத் தொடங்கினால், இரண்டாம் மாதம் சலித்துவிடும். கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதினால், உணர்ச்சி தானாகவே அங்கே வந்து நின்றுகொள்கிறது.

இல்லாத படங்களை எடுத்தல்

தொலைந்த அல்பத்துக்குப் பதில் இல்லை. ஆனால் அதில் என்ன இருந்தது என்பதை நினைவுள்ளவர் வீட்டில் இருக்கும்வரை எழுதி வைக்கலாம். என் அம்மாவை மாமரத்தடியில் இருத்தி, போன அல்பத்தின் முதல் பக்கத்தில் என்ன படம் இருந்தது என்று கேட்டேன். அக்காவின் பூப்புனித நீராட்டு விழா, கிணற்றடியில், வலப்பக்கம் அம்மம்மா, பின்னால் தெரியும் சைக்கிள் இரவல் வாங்கியது என்று, கண்முன் பார்ப்பதுபோல் சொன்னார். அவர் சொன்ன இடத்தில், சொன்ன உயரத்தில், யாருமில்லாத கிணற்றடியைப் படம் எடுத்து, அவருடைய சொற்களைக் கொப்பியில் அப்படியே எழுதினேன். இப்படி பதினொரு படங்கள் சேர்ந்தன. சில நாட்களில் அவர் சொல்ல விரும்பவில்லை; அப்போது கொப்பியை மூடிவிட வேண்டும். கேட்பவருடைய ஆர்வம் சொல்பவருடைய மனத்தைவிடப் பெரியதல்ல.

இதோடு, வெளிநாடுகளில் உள்ள உறவினரிடமும் கேளுங்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கடிதத்தோடு அனுப்பிய படங்கள் ரொறன்ரோவிலோ பாரிஸிலோ ஓர் அலுமாரிக்குள் பத்திரமாக இருக்கக்கூடும். அவர்கள் அதை மீளப் படம்பிடிக்கும்போது, அல்பத்தின் பிளாஸ்டிக் உறையிலிருந்து வெளியே எடுத்து, ஜன்னலோரத்து மேசையில் சமமாக வைத்து, பிளாஷ் இல்லாமல் எடுக்கச் சொல்ல வேண்டும். பின்புறத்தில் எழுத்து இருந்தால் அதற்கும் தனியாக ஒரு படம். வாட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினால் படம் சுருக்கப்படும், அதனுள் பதிந்த திகதி முதலிய விவரங்களும் நீங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் மூலப்படம் அப்படியே வரும்.

தன்னைச் சேர்த்துக்கொள்வது

இந்த முறையில் எடுப்பவரும் படத்துக்குள் வர வேண்டும். ஆனால் கையை நீட்டி முகத்தை நிரப்பும் படம் அதற்குச் சரியான வழியல்ல. அதில் முகம் இருக்கும், இடம் இராது. காலை 7 மணிக்கு விழும் நீண்ட நிழல் பழைய வீட்டின் அத்திவாரத்தின்மேல் படியும்படி நின்று பாருங்கள். கிணற்று நீரில் தெரியும் தலை, குசினிச் சுவரில் மாட்டிய சிறு கண்ணாடி, சீமெந்து பூசிய கை, படலையைத் திறக்கும் கை என்பனவும் போதும். மாதத்துக்கு ஒன்று எடுத்தால் ஓராண்டில் பன்னிரண்டு சேரும்.

குடும்பப் படத்துக்குத் தைப்பொங்கல் காலையைவிடச் சிறந்த நாள் கிடையாது. எல்லோரும் குளித்து, முற்றத்தில் கோலத்தின் முன், கிழக்கு ஒளியில் ஏற்கெனவே நிற்பார்கள். ஒவ்வோர் ஆண்டும் ஒரே வரிசையில் நிற்கச் செய்யுங்கள். இல்லாதவருக்கு இடம் விடுவதா என்ற கேள்வி நம் வீடுகளில் கட்டாயம் எழும். வெளிநாடு போனவருக்கு விடலாம் என்றும், மற்றவருக்கு வேண்டாம் என்றும் எங்கள் வீட்டில் முடிவானது. உங்கள் வீட்டில் வேறு மாதிரி முடிவாகலாம், எடுப்பவர் அதைத் தீர்மானிக்கக் கூடாது. அன்றைக்கே ஒவ்வொருவருடைய முகத்தையும் தனித்தனியே, தெளிவாக, ஒருமுறை எடுத்து வையுங்கள். 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்பாகக் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடங்கிய போராட்டத்தில், தாய்மாரின் கைகளில் இருந்த படங்களைப் பார்த்தவர்களுக்கு இதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை.

வளவுக்கு வெளியே வரும்போது சில கட்டுப்பாடுகள் உண்டு. அயலவரின் வீட்டையோ பிள்ளைகளையோ கேட்காமல் எடுக்க வேண்டாம். நம் பகுதியில் படம் எடுக்கப்படுவதே அச்சத்தைத் தந்த காலம் ஒன்று இருந்தது. படைமுகாம்களையும் காவலரண்களையும் எடுக்க வேண்டாம். நல்ல கோணம் கிடைக்கிறது என்று பற்றை பிடித்த கைவிடப்பட்ட காணிகளுக்குள் இறங்காதீர்கள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை இல்லாத இடத்திலும், ஊரவர் நடக்கும் தடத்தை விட்டு விலகுவது மடைமை. படங்களைப் பொதுவில் பகிர்வதாயின், இடத்தைப் பதியும் அமைப்பை முன்கூட்டியே நிறுத்திவிட வேண்டும்.

தரையில் விரித்துப் பார்த்தல்

ஓராண்டு முடிந்ததும் ஐம்பது படங்களை அச்சிடுங்கள். திரையில் பார்ப்பது போதாது. ஒன்று வரும்போது மற்றொன்று போய்விடும். அச்சிட்டவற்றைச் சீமெந்துத் தரையில் திகதி வரிசைப்படி விரித்து, ஒரு பிற்பகல் முழுவதும் சுற்றி நடந்து பாருங்கள். எது அடிக்கடி வருகிறது, எது ஒருமுறையும் வரவில்லை என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். முதலாண்டில் நான் கண்டது எனக்குப் பிடிக்கவில்லை. கல்லில் நிற்காமல் என் விருப்பப்படி எடுத்த படங்களில் ஏறக்குறைய எல்லாமே படலையையும் அதற்கப்பாலுள்ள றோட்டையும் நோக்கி இருந்தன. கட்டி முடித்து ஆறு ஆண்டுகளான கல்வீட்டின் உள்ளறை ஒன்றுகூட இல்லை. கடனோடு கட்டிய வீட்டில், எப்போது வெளிக்கிடச் சொன்னாலும் வெளிக்கிடத் தயாரானவன் நிற்கும் இடத்திலேயே நான் நின்றுகொண்டிருந்தேன். இரண்டாம் ஆண்டு நான்காவதாக ஒரு கல்லை வைத்தேன், மூன்றுக்கு மேல் வேண்டாம் என்று மேலே சொன்னதை மீறி. உண்மையில் அது கல்லல்ல, அறையின் நிலத்தில் சோக்கால் போட்ட ஒரு புள்ளடி. மகள் படிக்கும் மேசை அங்கிருந்து தெரியும்.

இனிச் சேமிப்பு. கோப்புப் பெயரை ஆண்டு, மாதம், நாள், இடம் என்ற வரிசையில், ‘2025-01-14-கிணற்றடி’ என்பதுபோல் வைத்தால், எந்தக் கணினியிலும் தானாகவே காலவரிசைப்படி அடுக்கப்படும். தொலைபேசியில் ஒரு பிரதி, வீட்டில் பென்ட்ரைவிலோ வன்தட்டிலோ இன்னொரு பிரதி, வளவுக்கு வெளியே, வேறு ஊரிலுள்ள உறவினரிடமோ இணையச் சேமிப்பிலோ மூன்றாவது பிரதி என்று இருக்க வேண்டும். வன்னிக்காரருக்கு இந்த மூன்றாவதன் அவசியத்தை விளக்குவது வீண் வேலை. அச்சிடும்போது வீட்டு இங்க்ஜெட் அச்சைத் தவிர்த்து, ஸ்ரூடியோவில் கலர் லாப் அச்சாகக் கேளுங்கள். சாதாரண இங்க்ஜெட் மை நீர் பட்டால் கரையக்கூடியது. பசைத் தாள் ஒட்டிய அல்பங்கள் காலப்போக்கில் படத்தையே பிடித்துக்கொள்ளும், அவற்றையும் வாங்க வேண்டாம். பின்புறத்தில் திகதியையும் இடத்தையும் மென்மையான பென்சிலால் அழுத்தாமல் எழுதுங்கள்; தாள் பென்சிலை ஏற்காவிட்டால், நீரில் கரையாத மைப் பேனாவால் எழுதிக் காய்ந்தபின் அடுக்குங்கள்.

ஆண்டுக்குப் பன்னிரண்டு படங்களை மட்டும் தெரிந்து, தபாலட்டை அளவில் அச்சிட்டு, கொப்பியோடு சேர்த்து இறுகக் கட்டிய பொலித்தீன் உறையில் இடுங்கள். அதை அலுமாரியின் மேல் தட்டில் வைக்க வேண்டாம். காணி உறுதி இருக்கும் பையில் வையுங்கள்.